முயல் காதில் மரு: உதிர்த்தது சுண்ணாம்பா, முயலின் உடம்பா?

பண்டாரவளை முயல்கூடு:
காதில் மரு வந்த முயலைக் கழித்துவிட வேண்டுமா என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். எங்கள் ஆண் முயலுக்கு இடது காதில் கொத்தாகவும், வலது காதில் அங்கொன்று இங்கொன்றாகவும் மரு வந்தது. மாமியார் சொன்னபடி இடது காதில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினேன். எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. லயத்துப் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பேராதனை மாணவி:
அக்கா, வலது காதில் தடவவே இல்லையே, அது எப்படிப் போனது?

அமெரிக்காவின் காட்டன்டெயில் காட்டு முயல்களுக்கு வரும் கொம்பு போன்ற மருவுக்கு ஒரு வைரஸ்தான் காரணம் என்று ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் 1933இல் காட்டினார். அதை வீட்டு முயல்களுக்கு ஏற்றியபோது சிலவற்றில் மரு தானாகவே மறைந்தது. அப்படி மறையும்போது பெரும்பாலும் உடம்பில் இருந்த எல்லா மருவும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின. உங்கள் முயலுக்கு வந்ததும் அதே வைரஸ் என்று நான் சொல்லவில்லை. காட்டன்டெயில் நம் காடுகளில் கிடையாது. ஆனால் தடவாத காதும் சுத்தமானதற்கு உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் பொருத்தமான காரணம்.

அட்டன் மழை:
தங்கச்சி, முயல் நாள் முழுக்க முன்காலால் காதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்தக் காதுக்கும் போயிருக்கும். அப்புறம் இன்னொன்று. எதிர்ப்புச் சக்தி என்றால் ரத்தத்தில் கிருமியைப் பிடிக்கும் புரதம், அதாவது ஆன்டிபாடி. அது இருந்திருந்தால் மரு வந்தே இருக்காதே? வந்த பிறகு எங்கிருந்து புதிதாக முளைத்தது?

பேராதனை மாணவி:
அண்ணா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஷோப்பின் வைரஸில் பார்த்ததே அதுதான்: ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருந்தும் சில முயல்களில் மரு வளர்ந்துகொண்டே போனது. ஆன்டிபாடி வெளியே திரியும் வைரஸை மடக்கும். தோல் செல்லுக்குள் குடியேறிவிட்டதை அது தொடாது. அந்தச் செல்லை அடையாளம் கண்டு அழிப்பது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் வேலை. மறையத் தொடங்கிய மருவை வெட்டிப் பார்த்தால் அடியில் அவை திரண்டு நிற்கும். நம் இலங்கைப் பள்ளிகளில் 2017இலிருந்து 6ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி (மனிதருக்கு மருவும் கருப்பை வாய்ப் புற்றும் உண்டாக்கும் வைரஸ்) ஊசியை முன்கூட்டியே போடுவதும் இதனால்தான். அது தொற்றைத் தடுக்கும், வந்துவிட்டதைக் கரைக்காது.

பண்டாரவளை முயல்கூடு:
சரி, சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கி அந்தச் செல்களைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா? அப்படியென்றால் என் மாமியாரும் சரி, நீயும் சரி.

பேராதனை மாணவி:
இருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் காதைப் புண்ணாக்குவது விளையாட்டில்லை, அக்கா. பேட்டன் ரவுஸ், ஜான் கிட் என்ற ஆய்வாளர்கள் 1930களில் முயல் காதில் தார் தடவி, பிறகு இந்த வைரஸை ரத்தத்தில் ஏற்றினார்கள். தார் பட்ட இடத்தில் சீக்கிரமே புற்றுநோய் வந்தது. ஷோப்பின் மரு மறையாமல் நீடித்தாலும் புற்றாகலாம், அதிலும் வீட்டு முயலுக்கு ஆபத்து அதிகம்.

அட்டன் மழை:
தாரும் சுண்ணாம்பும் ஒன்றா? எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். சுண்ணாம்பு வேண்டாமென்றால் ஃபார்மசியில் விற்கும் அரிப்பு கிரீமைப் பூசலாம், வீக்கமும் குறையும்.

பேராதனை மாணவி:
அது இன்னும் மோசம்! அந்த கிரீம்கள் பலவற்றில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து இருக்கிறது. மரு உள்ள முயல்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்த சோதனையில் தானாக மறைவது குறைந்துபோனது. சுண்ணாம்புக்குக்கூட நான் இவ்வளவு எதிர்ப்பில்லை. முதலில் அது மருதானா, காதுச் சொறியா என்று மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சொறிப்பூச்சி கட்டும் பொருக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் மரு மாதிரியே இருக்கும். மற்றபடி, எதுவும் தடவாத முயல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சுண்ணாம்புக்கு மாலை போட முடியாது.

பண்டாரவளை முயல்கூடு:
அதற்காக மற்ற முயல்களுக்கும் மரு வரட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவா?