புதுப்பிப்பு: டிடி-02 (டாமியா ரிமோட் கார்) மோட்டார் சூடு ஒருவழியா அடங்கிடுச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, 10.5 டர்ன் (கம்பிச் சுருளோட சுற்று எண்ணிக்கை) மோட்டார் ஐந்தே நிமிஷத்துல 95 டிகிரி தொடுதுன்னு. முதல்ல டைமிங்கை (சுருளுக்குக் கரண்ட் எவ்வளவு முன்கூட்டியே போகணும்ங்கிற கோணம்) 40லிருந்து 30க்கு இறக்கினேன், சூடு 88 டிகிரிக்கு வந்துச்சு. அப்புறம்தான் கியரைத் தொட்டேன். வேகத்துக்கு ஆசைப்பட்டு 68 பல் ஸ்பர் (பெரிய கியர்), 25 பல் பினியன் (மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கிற சின்ன கியர்) போட்டிருந்தேன்: 68 ÷ 25 × 2.6 (வண்டிக்குள்ள இருக்கிற கியர்களோட விகிதம்), அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த மோட்டார் 7.07 சுத்து. கிட்ல வந்த 70/22க்குத் திரும்பினா 8.27. இப்போ 70 டிகிரிதான்!

எங்க டிராக் சின்னது, வளைவுக்கு மேல வளைவு. பெரிய பினியன்ல மோட்டார் முழு வேகத்தை எட்டவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் திணறி, கரண்ட்டை இழுத்துச் சூடாச்சு. இப்போ வளைவை விட்டு வெளியே வர்றப்பவே வண்டி பாயுது.

பினியன் மாத்துறவங்க அதை இறுக்குற குட்டி ஸ்க்ரூ மோட்டார் ஷாஃப்ட்டோட தட்டையான பக்கத்துல உட்காருதான்னு பாருங்க.