மியூஸ்கோரில் நன்றாகக் கேட்ட ஓர்கெஸ்ட்ரா, மிடி ஃபைலாக அனுப்பியதும் பொம்மை பியானோ மாதிரி ஆகிவிட்டது

வெள்ளவத்தை_வயோலா:
வணக்கம். நத்தாருக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடகர் குழுவுக்கு ஓர்கெஸ்ட்ரா எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரிங்ஸ், இரண்டு புல்லாங்குழல், இரண்டு ஹோர்ன், இரண்டு ட்ரொம்போன், அவ்வளவுதான். பாவிப்பது மியூஸ்கோர் 4 என்ற இசை எழுதும் மென்பொருள், அதற்கான வாத்திய ஒலிகளான மியூஸ் சவுண்ட்ஸும் இறக்கியிருக்கிறேன் (பல ஜிபி, இரவு டேட்டா முழுக்க அதற்கே போனது). என் லெப்டொப்பில் கேட்கும்போது குறையில்லை. பாடுபவர்கள் பழகட்டும் என்று மிடியாக மாற்றி வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒருவருக்குத் திறக்கவே இல்லை, இன்னொருவர் "இது என்ன, பழைய போன் ரிங்டோனா?" என்று கேட்டுவிட்டார். அதோடு இரண்டு விஷயம் என்னிடமே சரிவரவில்லை: செலோவுக்கு pizz. (விரலால் நுள்ளி வாசி) என்று எழுதியும் வில்லால்தான் வாசிக்கிறது, எட்டு பீட் நீளமான ஸ்வரத்தில் cresc. (படிப்படியாக உரக்க) என்று எழுதினால் ஒன்றுமே நடப்பதில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

பம்பலப்பிட்டி_கீபோர்ட்:
மிடி ஃபைலுக்குள் சத்தமே கிடையாது, பிரச்சினையின் பாதி அதுதான். எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எந்த எண் வாத்தியம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்திய எண்கள். 41 வயலின், 46 பிட்சிகாட்டோ, 49 ஸ்ட்ரிங்ஸ் கூட்டம். அந்த 49ஐப் பார்த்து எந்தச் சத்தத்தை எடுத்துப் போடுவது என்பது திறக்கிற கருவியின் கையில். விண்டோஸில் கூடவே வரும் சின்தசைசர் ரிங்டோன் மாதிரித்தான் கேட்கும், நீங்கள் இரவு முழுக்க இறக்கிய சவுண்ட்ஸ் அந்த ஃபைலோடு ஒரு துளியும் போகாது. ஆகவே பாடுபவர்களுக்கு மிடி வேண்டாம், எம்பி3 அனுப்புங்கள். மிக்ஸரில் ஆல்டோ குரலைக் கூட்டி ஒரு கொப்பி, டெனர் குரலைக் கூட்டி ஒரு கொப்பி என்று தனித்தனியே எடுத்துக் கொடுத்தால் அவர்கள் உங்களைக் கும்பிடுவார்கள்.

pizz. பற்றி ஒரு கேள்வி: அதைச் சும்மா எழுத்தாகத் தட்டினீர்களா, பெலட்டிலிருந்து (பக்கத்தில் குறியீடுகள் இருக்கும் பெட்டி) இழுத்துப் போட்டீர்களா?

வெள்ளவத்தை_வயோலா:
தட்டினேன். அச்சில் ஒரே மாதிரித்தானே வருகிறது, அதனால் யோசிக்கவில்லை.

பம்பலப்பிட்டி_கீபோர்ட்:
அங்கேதான் கோளாறு. கண்ணுக்கு ஒன்றுதான், மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து. டெக்ஸ்ட் பெலட்டில் இருக்கும் pizz.ஐப் போடுங்கள், திரும்ப வில்லுக்கு வருகிற இடத்தில் arcoவையும் அங்கிருந்தே எடுத்துப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கடைசிவரை நுள்ளிக்கொண்டே இருக்கும். cresc.உம், p (மெல்ல), f (உரக்க) குறிகளும் இதே கதைதான், டைனமிக்ஸ் பெலட்டிலிருந்து எடுங்கள், முடிகிற இடத்தில் f என்று ஒன்று வையுங்கள், எவ்வளவு தூரம் ஏறவேண்டும் என்று அதற்குத் தெரியவேண்டுமே.

நீளமான ஸ்வரம் மிடிக்கு எப்போதும் தலையிடிதான். எவ்வளவு அழுத்தி என்பதைச் சொல்லும் வெலோசிட்டி, ஸ்வரம் தொடங்கும்போது ஒருமுறை போகிற எண், 127க்குள் ஏதோ ஒன்று. பியானோவுக்கு அது போதும், அடித்தபின் சத்தம் குறையத்தானே செய்யும். வயலின்காரர் நடுவில் வில்லை அழுத்துவதை அதால் சொல்ல முடியாது. அதற்கு சிசி 11 அல்லது சிசி 1 என்ற கண்ட்ரோலரை (ஸ்வரம் ஒலிக்கும்போதே மாற்றக்கூடிய எண்) தொடர்ச்சியாக அனுப்பவேண்டும். பிபிசி சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா டிஸ்கவர் மாதிரி இலவச வாத்திய ஒலித் தொகுப்பை வேறு மென்பொருளில் போட்டு மிடியை ஓட்டினால் அந்த வளைவுகளை நீங்களே கையால் வரையவேண்டி வரும். பாடகர் பயிற்சிக்கு இவ்வளவு வேலை வேண்டாம், மியூஸ்கோரோடு நில்லுங்கள்.

பழைய_ட்ரொம்போன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். பைனல் என்ற இசை எழுதும் மென்பொருளில் நீண்ட நாள் எழுதியவன், 2024இல் அதை நிறுத்துவதாக அறிவித்தபின் டொரிக்கோ என்ற இன்னொன்றுக்கு மாறினேன். எழுதியதை வாசித்துக் காட்டும் நோட்பெர்ஃபோமர் வைத்திருக்கிறேன், பிளே அழுத்தியதும் ஒரு செக்கன் பேசாமல் இருந்து, வரப்போகும் ஸ்வரங்களைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும், அதனால் சொற்றொடர் விளங்கி வாசிக்கிற மாதிரி இருக்கும். மியூஸ்கோரோடு வேலை செய்யாது, அதனால் உங்களுக்கு உதவாது.

நான் சொல்ல வந்தது வேறு. பிளேபேக்கில் புல்லாங்குழலைக் கீழ்ஸ்தாயியில், நடு சி பக்கம் எழுதி, மிக்ஸரில் கூட்டிவிட்டால் இரண்டு ட்ரொம்போனுக்கு மேலே அழகாகக் கேட்கும். மேடையில் புல்லாங்குழல் ஊதும் அம்மா என்ன ஊதினாலும் எங்களைத் தாண்டி வராது. கம்ப்யூட்டர் ஹோர்னுக்கு மூச்சும் முட்டாது, பதினாறு பார் கட்டி எழுதினாலும் சிரித்துக்கொண்டே ஊதும். ஒருமுறை ஒத்திகையில் எனக்கு அப்படி ஒரு பார்ட் வந்தது, எழுதியவர் "கம்ப்யூட்டரில் சரியாக வந்ததே" என்றார். மிக்ஸரில் எல்லா ஸ்லைடரையும் ஒரே அளவில் வைத்து ஒருமுறை கேளுங்கள், பிறகு ஹோர்ன் பார்ட்டைப் பாடிப் பாருங்கள், எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே ஓய்வு போடுங்கள்.

வெள்ளவத்தை_வயோலா:
pizz. வேலை செய்கிறது, எம்பி3 ஆறு கொப்பி அனுப்பியாச்சு. ஹோர்னைப் பாடிப் பார்த்தேன், ஒன்பதாவது பாரிலேயே மூச்சு போய்விட்டது. புல்லாங்குழலை ஒரு ஸ்தாயி ஏற்றிவிட்டேன்.