டிசம்பர் 15-இல் ஒன்று மூடுகிறது, 20-இல் ஒன்று திறக்கிறது: தி ஓல்ட் ரிபப்ளிக் நமக்கு உலகமா, கதையா?

பழைய_கொல்லன் | 29 நவம்பர் 2011

இன்னும் மூன்று வாரம்தான். டிசம்பர் 20 அன்று பயோவேர் நிறுவனத்தின் ஆன்லைன் கேம் 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' வெளியாகிறது. அதற்கு ஐந்து நாள் முன்பு, 15-ஆம் தேதி, 2003 ஜூனிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பழைய ஆன்லைன் கேம் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' சர்வர்கள் நிரந்தரமாக அணைக்கப்படுகின்றன. எல்லாரும் புதியதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டுக்கும் எண்ணுகிறேன்.

போன வார இறுதி பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஆட்டத்தில்) நானும் இருந்தேன். ட்ரூப்பர் (படைவீரர்) வகுப்பை எடுத்து, ஆர்ட் மான்டெல் கிரகத்தில் தொடங்கி 14-ஆம் லெவல் வரை போனேன். குரல், காட்சி, வசனம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 14 லெவலில் ஒரு மனிதருக்குக்கூட நான் தேவைப்படவில்லை. எனக்கும் யாரும் தேவைப்படவில்லை.

கேலக்ஸீஸில் நான் ஆயுதக் கொல்லன். நல்ல உலோகம் ஏதாவது ஒரு கிரகத்தில், ஏதாவது ஒரு மூலையில், சில நாள் மட்டுமே கிடைக்கும். பிறகு அந்தத் தரத்தில் அதே உலோகம் திரும்ப வராது. அதனால் அதை யார் கண்டுபிடித்தார்கள், யாரிடம் எவ்வளவு கையிருப்பு என்பதெல்லாம் பெரிய சேதி. நான் செய்த துப்பாக்கி நாளாக ஆகத் தேயும், வாங்கியவர் மறுபடி என்னிடம் வருவார். அப்படித்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். புதிய கேமில் தொழில் செய்ய வேண்டுமா? கூட வரும் கணினிப் பாத்திரத்திடம் வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். உலையில் நிற்பது நீங்கள் இல்லை.

எனக்கு வேண்டியது ஸ்டார் வார்ஸ் உலகத்தில் வாழ ஓர் இடம். வருவது ஆளுக்கு ஒன்றாகப் பார்க்கும் கதை. இதற்காக மூன்று வருடம் காத்திருந்தோமா என்பதே என் கேள்வி.

கதைப்பித்தன் | 29 நவம்பர் 2011

மூன்று வருடம் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். 2008 அக்டோபரில் அறிவித்த நாளிலிருந்து ஒரு செய்தியையும் விட்டதில்லை. எனக்கு இது சரியாக நான் கேட்டதுதான்.

கொல்லரே, உங்கள் கடையைப் பற்றி நீங்கள் எழுதும்போது எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் கேலக்ஸீஸ் வெளிவந்த புதிதில் நான் இரண்டு மாதம் ஆடினேன். ஸ்டார் வார்ஸ் என்று பெயர், ஆனால் ஓட்ட ஒரு விண்கலம் கிடையாது. அது 2004 அக்டோபரில் தனி விரிவாக்கமாகத்தான் வந்தது. முனையத்தில் ஒரு வேலையை எடு, காட்டுக்கு ஓடு, விலங்குக் கூட்டை உடை, திரும்பி வா. நான் யார், எதற்காக இங்கே இருக்கிறேன் என்று அந்தக் கேம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கடை வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது உலகம். என்னைப் போன்றவர்களுக்கு அது வெறும் பொட்டல்.

இதில் எட்டு வகுப்பு, எட்டுக்கும் முழு நீளத் தனிக் கதை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வசனங்கள், எல்லாமே குரலில். இந்த வகைக் கேம்களில் 'பத்து ஓநாயைக் கொல்' என்று ஒரு பெட்டியில் எழுதியிருக்கும், படிக்காமலே ஒப்புக்கொள்வோம். பீட்டாவில் இம்பீரியல் ஏஜென்ட் (உளவாளி) எடுத்து ஹட்டா கிரகத்தில் வேறு ஒருவன் பெயரில் நடித்துக்கொண்டு திரிந்தேன். எதிரே நிற்பவனிடம் எப்போது பொய் சொல்வது, எப்போது மிரட்டுவது என்று ஒவ்வொரு பேச்சிலும் நின்று யோசித்தேன். ஆன்லைன் கேமில் வசனத்துக்காக நின்றது எனக்கு இதுவே முதல் முறை.

இரண்டாம்_சூரியன் | 29 நவம்பர் 2011

நானும் பழைய கேலக்ஸீஸ் ஆள், 2005 வரை. ஆனால் கொல்லருடன் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை.

அந்த உலகம் 2005 நவம்பர் மாற்றத்தால் செத்தது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒரே நாளில் ஒன்பது வகுப்பாகச் சுருக்கினார்கள், ஜெடாய் (ஒளிவாள் ஏந்தும் வீரர்) என்பது தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கும் வகுப்பு ஆனது. நான் விலகியதும் அப்போதுதான். பல மாத உழைப்பு ஓர் இரவில் அர்த்தம் இல்லாமல் போனது இன்னும் வலிக்கிறது. ஆனால் நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜெடாய் ஆவதற்கு வழி சில தொழில்களில் முழுத் தேர்ச்சி பெறுவது என்று ஹோலோக்ரான்கள் (குறிப்பு கொடுக்கும் கேம் பொருட்கள்) மூலம் வெளியே தெரிந்த பிறகு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கேமுக்குள் நாங்கள் ஆடுபவர்களே நிறுவிய ஊரின் மருத்துவர் மருத்துவத்தை விட்டார். நடனக்காரி நடனத்தை விட்டாள். பிடிக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு தொழிலாக அரைத்துக் கடந்தார்கள். கேன்டினாவில் (மதுக்கூடத்தில்) பாத்திரம் நின்றுகொண்டிருந்தது, ஆனால் விசைப்பலகைக்குப் பின்னால் ஆள் இல்லை.

கேலக்ஸீஸின் கதைக்காலத்தில் ஜெடாய்கள் ஒளிந்து வாழும் ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் கேமை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒளிவாள் வேண்டும். இந்த முரணைக் கேலக்ஸீஸ் கடைசி வரை தீர்க்கவில்லை. புதிய கேம் படங்களுக்கு 3,500 வருடங்களுக்கும் முன்னால் போய்விட்டது. அங்கே ஜெடாய்களும் அவர்களின் எதிரிகளான சித்களும் படை படையாக இருக்கிறார்கள். எட்டில் நான்கு வகுப்புக்கு ஒளிவாள், யாரும் யாருடைய தொழிலையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற கேம் ஒன்றில் நான் பார்த்த மிகச் சரியான முதல் முடிவு இது.

பழைய_கொல்லன் | 30 நவம்பர் 2011

ஜெடாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, ஏற்கிறேன். எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. காலத்தைப் பின்னால் தள்ளியது நல்ல முடிவு.

ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு என்ன செய்தார்கள்? நாற்பது ஜெடாய் நைட்கள் டைதன் கிரகத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் குரு 'இந்தத் தலைமுறையின் நம்பிக்கை நீ' என்கிற தொனியில்தான் பேசுகிறார். பொது இடத்தில் எல்லாருமே நாயகர்கள் என்றால் அந்த இடத்தில் ஊர் எப்படி உருவாகும்? ஊர் கூடித்தானே தேர் இழுக்க முடியும்? இங்கே ஆளுக்கு ஒரு தேர்.

மாதச்சந்தா | 30 நவம்பர் 2011

எனக்கு இரண்டு கட்சியும் இல்லை. கணக்குதான் கவலை.

பெட்டி 60 டாலர், மாதம் 15 டாலர். இந்த 15 டாலர் முறையை மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் 2009-இலும், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன் 2010-இலும் இலவச முறைக்கு மாறிவிட்டன. 2010 பிப்ரவரியில் வந்த ஸ்டார் ட்ரெக் ஆன்லைனும் மாறப் போவதாக இந்த வருடம் அறிவித்துவிட்டார்கள். சந்தாவை வைத்துக்கொண்டு ஒரு கோடிப் பேருக்கு மேல் நிற்பது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்தான், அதற்குப் பின்னால் ஏழு வருடம் சேர்த்த சரக்கு இருக்கிறது.

என் பயம் குரலைப் பற்றியது. எழுத்தில் ஒரு க்வெஸ்ட் (பணி) சேர்க்க ஓர் எழுத்தாளர் போதும். இதில் எழுத வேண்டும், ஆண் பெண் இரு குரலிலும் நடிக்க வைக்க வேண்டும், அதையே ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழியில் செய்ய வேண்டும். வகுப்புக் கதையின் அடுத்த அத்தியாயம் என்றால் இதெல்லாம் எட்டு முறை. ஆடுபவர்கள் 50-ஆம் லெவலை ஒரு மாதத்தில் தொடுவார்கள். அடுத்த அத்தியாயத்துக்கு எத்தனை மாதம் ஆகும்? நடுவில் உள்ள மாதங்களுக்கு நான் எதற்குக் கட்டுகிறேன்? விண்வெளிச் சண்டையும் போட்ட தடத்திலேயே போகிறது, கப்பலை நம் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. அதைத் திரும்பத் திரும்ப எத்தனை நாள் ஆடுவது?

பீட்டாவில் பார்த்தது நன்றாக இருந்தது, சரி. ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வகைக் கேமுக்குப் பொருந்தாது. முதல் பத்து லெவலை எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள்.

கதைப்பித்தன் | 30 நவம்பர் 2011

ஒரே கேமில் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? எட்டுக் கதை இருக்கிறது. நான்கு மாதம் ஆடுவேன், நிறைவாக வெளியே வருவேன், அடுத்த அத்தியாயம் வந்தால் திரும்புவேன். 2003-இல் பயோவேரின் தனியாளுக்கான கேம் 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'கை முடித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது முடிந்ததால்தான் நினைவிருக்கிறது.

மாதச்சந்தா | 30 நவம்பர் 2011

அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. 2003-இல் வாங்கிய அந்தத் தட்டு இன்னும் உங்களிடம் இருக்கும். இருபது வருடம் கழித்தும் போட்டு ஆடலாம். ஆன்லைனில் இருக்கும் கதை சர்வரோடு போய்விடும். மேட்ரிக்ஸ் ஆன்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களின் கதை அங்கேதான் அதிகாரபூர்வமாகத் தொடர்ந்தது, மார்ஃபியஸ் இறப்பதே அந்தக் கேமுக்குள்தான். 2005-இல் திறந்தது, 2009-இல் மூடினார்கள். இன்று அந்தக் கதையை யாராலும் உள்ளே போய் வாழ்ந்து பார்க்க முடியாது. உங்களுக்கு வேண்டியது முடிகிற கதை என்றால், அதைத் தனியாளுக்கான கேமாகக் கேட்டிருக்க வேண்டும். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. எனக்கும் 'நைட்ஸ்' வரிசையில் மூன்றாவது பாகம் வேண்டியிருந்தது.

நிலவொளி | 1 டிசம்பர் 2011

இங்கே எழுதுவது முதல் தடவை. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நானும் என் தம்பியும் வேறு வேறு கண்டத்தில் இருக்கிறோம். வாரம் ஒரு தடவை பேசுவோம், ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். போன வாரம் பீட்டாவில் இருவரும் சேர்ந்து 'பிளாக் டேலன்' என்ற குழுப் பணிக்குள் போனோம். கப்பலின் கேப்டன் மேலிடத்து ஆணைக்கு மறுக்கிறார், ஏனென்றால் கீழ்ப்படிந்தால் தன் ஆட்கள் வீணாகச் சாவார்கள். அவரைக் கொல்வதா, விடுவதா என்பது நம் கையில். குழுவாகப் போகும்போது ஒவ்வொருவரும் தன் பதிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கேம் எண் உருட்டி ஒருவர் பேச்சை எடுக்கும். தம்பி விடச் சொன்னான். நான் கொல் என்று அழுத்தினேன். என் எண் விழுந்தது.

"அக்கா, அவர் என்ன தப்பு செய்தார்?" என்று கேட்டான். கேமை அப்படியே நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசினோம். கேப்டனில் ஆரம்பித்து, அவன் அலுவலகத்தில் சரியில்லாத ஆணைக்குத் தலையாட்ட வேண்டியிருப்பது வரைக்கும் வந்தது. அவன் அப்படி ஒரு சங்கடத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கொல்லர் ஐயா, ஆளுக்கு ஒரு தேர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அப்படி இருக்கவில்லை.

பழைய_கொல்லன் | 1 டிசம்பர் 2011

நிலவொளி அம்மா, இதை இரண்டு முறை படித்தேன். அந்தக் குழு உரையாடலை நான் பார்க்கவே இல்லை, 14 லெவலும் தனியாகவே போனேன். அதனால் "யாருக்கும் யாரும் தேவையில்லை" என்று நான் எழுதியது அவசரம். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டை விட முடியவில்லை. நீங்கள் இருவரும் ஏற்கெனவே அக்கா தம்பி. கேம் உங்களுக்குப் பேச ஒரு விஷயம் கொடுத்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேச வைப்பது எது? கேலக்ஸீஸில் சண்டைக்குப் போய் வந்தால் களைப்பு ஏறும். கேன்டினாவில் உட்கார்ந்து ஆட்டமோ இசையோ பார்த்தால்தான் அது இறங்கும். சில நிமிடம் சும்மா உட்கார வேண்டும். சும்மா இருப்பவர்கள் பேசுவார்கள். எங்கள் ஊரை நிறுவிய ஏழு பேரில் ஐந்து பேரை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்தக் காத்திருப்பை எரிச்சல் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அந்தக் கேமின் உயிரே அதில்தான் இருந்தது.

புதியதில் காத்திருப்பு எங்கேயும் இல்லை. சண்டை முடிந்ததும் ஓர் அழுத்தில் முழு பலமும் திரும்பிவிடுகிறது. பீட்டாவில் கப்பற்படைத் தளத்தின் கேன்டினாவுக்குப் போனேன். அழகான இடம். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை, உட்காரக் காரணமும் இல்லை. விண்கலத்துக்குப் பதிலாக எனக்கு அங்கே ஒரு கடை கொடுத்தால் போதும், மற்ற எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்வேன்.

இரண்டாம்_சூரியன் | 1 டிசம்பர் 2011

இதில் கொல்லர் பக்கம் வருகிறேன். உட்காரக் காரணம் என்பது பின்னால் சேர்க்கக்கூடிய விஷயம்தான். வீடு, கடை, கேன்டினாவில் ஏதாவது விளையாட்டு, எதுவானாலும் சரி. வெளியீட்டுக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில் அவர்கள் எதைச் சேர்க்கிறார்கள் என்று பார்ப்பேன். இன்னொரு ரெய்டு (பெரிய குழுவாகப் போகும் சண்டை), இன்னொரு சண்டைக்களம் என்றே போனால் மாதச்சந்தா சொன்ன கணக்குதான் ஜெயிக்கும்.

நான் முன்பதிவு செய்துவிட்டேன். எடுக்கப்போகும் வகுப்பு ஸ்மக்ளர் (கடத்தல்காரன்).

கதைப்பித்தன் | 2 டிசம்பர் 2011

நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். மாதச்சந்தா சொன்ன 'சர்வரோடு போய்விடும்' நேற்று முழுக்க மண்டையில் ஓடியது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஏஜென்ட் கதையின் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

கொல்லரே, 15-ஆம் தேதி இரவு எங்கே இருப்பீர்கள்? என் பழைய கணக்கு எப்போதோ போய்விட்டது, உள்ளே வர வழியில்லை. உங்கள் ஊரின் படங்களையாவது இங்கே போடுங்கள்.

பழைய_கொல்லன் | 2 டிசம்பர் 2011

ஸ்டார்சைடர் சர்வரில், டாட்டூயினில், கடை வாசலில் இருப்பேன். படம் போடுகிறேன். கிடங்கில் 2004-இல் எடுத்த உலோகம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, எதற்கென்று தெரியாமல் சேர்த்து வைத்தது. நேற்று இரவு எல்லாவற்றையும் துப்பாக்கியாக அடித்து, ஒன்று ஒரு கிரெடிட் என்று விலை போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டார்சைடரில் யாருக்காவது கணக்கு இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்து இரண்டு இருக்கிறது.