வீகனாகி எடை குறைந்தது, தசையும் போனது: அதைத் திரும்பக் கொண்டுவந்த அனுபவம்

வணக்கம். நான் வீகனாகி இரண்டே கால் வருடம் ஆகிறது. பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டது விலங்குகளுக்காகத்தான், உடம்புக்காக இல்லை. அதனால் "ஒத்துவரலைன்னா விட்டுடேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கே எனக்குள் இடமில்லை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் உடம்பு போன போக்கைப் பார்த்து உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

82 கிலோவில் இருந்து 75க்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சட்டைக் கை தொளதொளத்துப் போனது எனக்குத்தான் தெரியும். பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளும் பயிற்சி) 70 கிலோவை ஐந்து முறை தூக்கியவன் 57.5 கிலோவுக்கே திணறினேன். இடுப்பளவோ 97 செ.மீ.யில் இருந்து 92க்குத்தான் வந்திருந்தது. போன ஏழு கிலோவில் தசையும் நிறையப் போயிருந்தது. தொப்பை அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஜிம் பயிற்சியாளர் அக்கறையானவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "முட்டை வெள்ளைக்கரு, இல்லன்னா வே புரோட்டீன். ரெண்டும் வேணாம்னா தசையை மறந்துடுங்க சார்." வே என்பது பாலில் இருந்து எடுக்கும் புரதம், எனக்கு இரண்டுமே ஆகாது. அன்று வீட்டுக்கு வந்து தூங்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்குவாட் ரேக் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் இடம்) காலியாகட்டும் என்று காத்திருந்தபோது முன்னால் ஓர் அக்கா செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பாரில் 80 கிலோ. நிதானமாக இறங்கி நிதானமாக ஏறினார். பேச்சுக் கொடுத்ததில் அவரும் வீகன், அதுவும் பதினொரு வருடமாக என்று தெரிந்தது. என் குறையைக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் போகுது தம்பி?" என்றார்.

"நிறையவே போகுதுக்கா. வேர்க்கடலை, பாதாம், பருப்பு எல்லாம் சாப்பிடறேன்."

"நிறையன்னா எவ்வளவு? நாலு நாள் தராசுல எடை போட்டு எழுதிட்டு வாங்க."

எழுதினேன். சராசரி 56 கிராம் வந்தது. என் எடைக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு. 75 கிலோவுக்கு 120 கிராம். இன்னொரு தவறும் அப்போதுதான் தெரிந்தது. பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று நான் படித்தது காய்ந்த பருப்புக்கு. வெந்த பிறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் அதே 100 கிராமில் 9 கிராம்தான் இருக்கும். நான் வெந்ததை எடை போட்டு, காய்ந்ததன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாவர உணவில் புரதம் தனியாக வருவது அரிது. பருப்போடு மாவுச்சத்து வரும், கடலையோடு எண்ணெய் வரும். எடை கூட்டுகிறவருக்கு அது பெரிய சிக்கல் இல்லை, எல்லாவற்றையும் கூடுதலாகச் சாப்பிட்டால் புரதமும் தானே சேர்ந்துவிடும். கொழுப்பைக் குறைக்கிறவருக்கு அப்படி இல்லை. மொத்தக் கலோரியைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது புரதம்தான். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே 570 கலோரி. ஏறக்குறைய அதே புரதம் 50 கிராம் காய்ந்த சோயா சங்க்ஸில் (மீல் மேக்கர்) 170 கலோரிக்குக் கிடைத்துவிடுகிறது. வேர்க்கடலையும் பாதாமும் நல்ல உணவுதான், ஆனால் அவற்றைக் கொழுப்புக் கணக்கில் எழுத வேண்டும். நான் புரதக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் என் ஒரு நாள் இப்படி மாறியது. காலையில் டோஃபு 200 கிராம் (நான் வாங்குவதில் 28 கிராம் புரதம். கெட்டித்தன்மையைப் பொறுத்து மாறும், உறையைப் பாருங்கள்). மதியம் சோயா சங்க்ஸ் 50 கிராம், 26 கிராம் புரதம். பயிற்சி முடிந்ததும் பட்டாணிப் புரதப் பவுடர் ஒரு கரண்டி, 24. இரவு வெந்த பருப்போ கொண்டைக்கடலையோ 200 கிராம், 18. மீதி இருபத்தைந்து கிராம் தானியம், ஓட்ஸ், காய்கறிகளில் இருந்து வந்துவிடும். மொத்தக் கலோரி 1,950. என் தேவையைவிட 350 அளவுக்குக் குறைவு. அதற்கும் கீழே போகவில்லை. வேகமாகக் குறைத்து ஒருமுறை தசையை இழந்தவன் நான்.

பயிற்சியில் மாற்றியது கொஞ்சம்தான். வாரம் நான்கு நாள், பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் பத்து செட்டுக்குக் குறையாமல். நோட்டில் எழுதி, முடிந்தபோதெல்லாம் ஒரு ரெப்போ (ஒருமுறை தூக்கி இறக்குவது) 2.5 கிலோவோ கூட்டினேன்.

ஒன்பது மாதத்தில் எடை 75ல் இருந்து 72.5. தராசை மட்டும் பார்த்திருந்தால் மனசு விட்டுப்போயிருக்கும். இடுப்பு 92ல் இருந்து 83. ஸ்குவாட்டில் ஐந்து ரெப்புக்கு 60ல் இருந்து 92.5 கிலோ. பெஞ்ச் பிரஸ் 75, வீகனாவதற்கு முன்பு தூக்கியதைவிட அதிகம்.

உங்களில் யாருக்கெல்லாம் இப்படி நடந்தது? எங்கே தவறியது, யார் திருத்தினார்கள்? எழுதுங்கள்.

*

சகோ, நீங்கள் சொன்ன புரதக் கணக்கை நான் முதல் நாளிலிருந்தே சரியாக வைத்திருந்தேன். நான் விட்டது வைட்டமின் பி12. அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருடம் எந்த மாத்திரையும் எடுக்கவில்லை. "இயற்கையாகச் சாப்பிட்டால் எல்லாம் கிடைக்கும்" என்று நம்பினேன். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும், அதனால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பிறகு டெட்லிஃப்ட் (தரையில் இருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) செய்யும்போது பாதம் மரத்த மாதிரி இருந்தது. ஷூவை மாற்றினேன். முதுகுத்தண்டில் ஏதோ நரம்பு அழுத்துகிறது என்று நினைத்து ஆறு வாரம் டெட்லிஃப்ட்டை நிறுத்தினேன். விரல் நுனியிலும் அதே மரப்பு வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "பி12 எடுக்கறீங்களா?" என்பதுதான்.

ரத்த அணுக்களின் அளவு ஓரளவு சரியாகவே இருந்தது. கீரை, பருப்பு நிறையச் சாப்பிடுவதால் ஃபோலேட் என்ற வைட்டமின் அதிகமாக இருக்கும், அது ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும் என்று விளக்கினார். ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு மாறினேன். கை முழுதாகச் சரியாகிவிட்டது. இடது கால் கட்டை விரலில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது.

தாவர உணவில் நம்பத்தகுந்த பி12 கிடையாது. சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். தயவுசெய்து வீகனான முதல் வாரமே மாத்திரையைத் தொடங்குங்கள்.

*

நான் பெண், 41 வயது. எனக்கு நடந்தது இரும்புச்சத்து விஷயத்தில்.

எடை குறையவும் இல்லை, தூக்குகிற எடை கூடவும் இல்லை. இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கும். சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டில் இருந்தது. உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் வெறும் 9. சேமிப்பே காலி என்று அர்த்தம்.

மருத்துவர் அம்மா என் சாப்பாட்டை விசாரித்தார். பருப்பு, கீரை, சோயா எல்லாமே இருந்தது. "சாப்பிட்டதும் என்ன குடிப்பீங்க?" டீ. மூன்று வேளையும், சாப்பிட்ட கையோடு. தாவரத்தில் இருக்கிற இரும்பு ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படும், டீயும் காபியும் அதையும் தடுத்துவிடும். டீயைச் சாப்பாட்டில் இருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தேன், பருப்பில் எலுமிச்சை பிழிந்தேன், அவர் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தேன். நான்கு மாதத்தில் 38க்கு வந்தது. அந்த மாதத்தில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புல்-அப் முழுதாக எடுத்தேன். அன்று ஜிம்மிலேயே அழுதுவிட்டேன்.

பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். அதிகமானாலும் ஆபத்துதான்.

*

புதிதாகத் தொடங்குகிறேன், இரண்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு சந்தேகம். சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் பாதிக்கும் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். அதைவிட, வயிறு உப்பிப்போய்ப் பக்கத்தில் ஆள் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. இதற்கு என்ன செய்தீர்கள்?

*

தம்பி, வயிற்றுக்கு முதலில். எனக்கும் இதே பாடு இருந்தது. ஒரே வாரத்தில் நார்ச்சத்தை மூன்று மடங்காக்கினால் குடல் என்ன செய்யும்? பருப்பு வகையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவையுங்கள். அளவை வாரத்துக்கு ஒரு பிடி என்று கூட்டுங்கள். அதுவரை புரதத்துக்கு டோஃபுவையும் பவுடரையும் நம்புங்கள், அவற்றில் நார் குறைவு. எனக்கு ஐந்து வாரத்தில் பழகிவிட்டது. பவுடர் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். சிலவற்றில் இனிப்புக்குச் சேர்க்கும் சர்க்கரை ஆல்கஹால்தான் வயிற்றை உப்பவைக்கும், புரதத்தின்மேல் பழி விழும்.

சோயா பற்றி: ஆண்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010லும் 2021லும் பார்த்திருக்கிறார்கள். சோயாவாலோ அதிலுள்ள ஐசோஃப்ளேவோனாலோ (ஈஸ்ட்ரோஜன் போன்ற தாவரப் பொருள்) ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கூடவும் இல்லை. உங்கள் அண்ணனின் அக்கறையைத் தப்புச் சொல்லவில்லை, என் அப்பாவும் இதையே சொன்னார். அப்பாவுக்கு 66 வயது. இப்போது அவரும் என்னோடு டம்பெல் எடுக்கிறார், தினமும் டோஃபு சாப்பிடுகிறார்.

*

தசைக்கு உடனடி ஆற்றல் கொடுக்க உதவும் கிரியேட்டின் பற்றி யாரும் எழுதவில்லையே. உணவில் அது பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அதனால் நம் போன்றவர்களின் தசையில் இருப்பு குறைவு. கடையில் விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஆலையில் ரசாயன முறையில் தயாராவது, விலங்கில் இருந்து எடுப்பதில்லை. கேப்சூலாக வாங்கினால் மட்டும் உறை ஜெலட்டினா (விலங்கின் தோல், எலும்பில் இருந்து எடுப்பது) என்று பாருங்கள். நான் பவுடராகத் தினம் 5 கிராம் எடுக்கிறேன். முதல் மாதம் எடை ஒன்றரை கிலோ கூடியது, அது தசைக்குள் சேரும் தண்ணீர். கொழுப்பு ஏறிவிட்டது என்று பதறிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ஒரு முக்கியமான அனுபவம். வருடாந்திரப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் அதிகமாக வந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீடே கலங்கியது. மருத்துவரிடம் கிரியேட்டின் எடுப்பதைச் சொன்னேன். அது உடம்பில் சிதைந்து வருவதுதான் கிரியேட்டினின், எனவே அளவு உயர்ந்து தெரியும் என்று சொல்லி, சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்கள் ரத்தம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. பி12 பற்றி எழுதிய சகோவுக்கு இரண்டு மடங்கு நன்றி. நான் மாத்திரை எடுக்கிறேன், ஆனால் அளவைப் பரிசோதித்ததே இல்லை. நாளை காலை போகிறேன், ஃபெர்ரிட்டினும் சேர்த்தே பார்க்கப்போகிறேன்.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டுமா? தேவையில்லை. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் தானியத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் ஒரு நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும். நான் கவனிப்பது ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதைத்தான். தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் வே புரோட்டீனைவிடச் சோயாவிலும் பட்டாணியிலும் கொஞ்சம் குறைவு, அதனால் ஒரு வேளைக்கு 25, 30 கிராம் புரதம் வருகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

பிரேசிலில் நடந்து 2021ல் வெளிவந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 19 வீகன் இளைஞர்கள், இறைச்சி உண்ணும் 19 இளைஞர்கள், 12 வாரம் கால் பயிற்சி. இரு பக்கமும் கிலோவுக்கு 1.6 கிராம் வருகிற மாதிரி வீகன்களுக்குச் சோயாப் புரதம், மற்றவர்களுக்கு வே. தசையும் வலிமையும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் ஏறின. இதை அச்சடித்துப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க நோட்டைக் காட்டுங்க சார்" என்றார். ஒன்பது மாத நோட்டையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

இப்போது மூன்று வாரமாக பெஞ்ச் பிரஸ் 75லேயே நிற்கிறது, தூக்கமும் சரியில்லை. அக்காவிடம் கேட்டேன். "எத்தனை மாசமா கலோரி குறைச்சுச் சாப்பிடறீங்க? ஒன்பதா? போதும் தம்பி, ஆறு வாரம் வயிறாரச் சாப்பிடுங்க" என்றார். இன்றிலிருந்து 2,300 கலோரி. ஓட்ஸும் உருளைக்கிழங்கும் கூட்டுகிறேன், புரதம் அதே 120. ஆறு வாரம் கழித்து இடுப்பளவோடு வருகிறேன்.