மறு: ‘அடல்ட் லேர்னர்’ – வயது வந்தோரா, கைவந்தோரா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

சொல்லாக்கக் குழுவில் உள்ள ஐயாமார், அண்ணன், அக்கா அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். இரண்டு வாரமாக என் வேலை அந்தச் சொல்லைத் தாண்டி நகரவில்லை.

இங்கே மலேசியாவில் அமலாக்கப் பணியில் இருப்பவர்களுக்குத் தலைமைத்துவப் படிப்பு ஒன்றை இயங்கலையில் (ஆன்லைனில்) நடத்துகிறேன். துணைப் போலீசார், நகராண்மைக் கழக அமலாக்கப் பிரிவினர், செம்பனைத் தோட்டங்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர்கள் வருகிறார்கள். வகுப்பு மலாய் மொழியில்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து சார்ஜன் நிலைக்கு வந்த சிலர், “குறிப்ப மட்டும் தமிழ்லயும் கொடுங்க டீச்சர், ராத்திரி வீட்ல உக்காந்து படிக்க லேசா இருக்கும்” என்று கேட்டார்கள். அதனால்தான் இந்த மொழிபெயர்ப்பு.

‘இயங்கலை’ எங்கள் நாளிதழ்களில் நிலைத்துவிட்டது, அதைத் தொடப்போவதில்லை. ‘சட்ட அமலாக்கம்’ என்பதில் ‘அமல்’ அரபுச் சொல் என்று சிலர் விலக்குவார்கள். நான் விலக்கமாட்டேன். மலாயில் ‘அமல்’ என்றால் நற்செயல், அந்த ஒலி காதில் விழுவது நல்லதுதான். ‘தலைமைப் பண்பு’ வேண்டாம். பண்பு கூடப் பிறந்தது போல ஒலிக்கிறது, நாங்கள் நடத்துவதோ பழகிப் பெற வேண்டியதை. அதனால் ‘தலைமைத்துவம்’.

நிற்பது ‘அடல்ட் லேர்னர்’, அதாவது வளர்ந்து வேலைக்கு வந்தபின் படிப்பவர். ‘முதியோர் கல்வி’ என்று எழுதினால் 38 வயது சார்ஜனுக்குக் கைத்தடி கொடுத்தது போலிருக்கிறது. ‘வயது வந்தோர் கல்வி’ என்று எழுதினேன். வகுப்பில் உள்ள பெண் துணைப் போலீஸ் ஒருவர் படித்துவிட்டு, “வயசுக்கு வந்தவங்க படிப்பா டீச்சர்?” என்று கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாக்குரிமைக்கு அந்தச் சொல் பொருந்தும். மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே கூப்பிடும் எங்கள் தோட்டத்துக் காதில் அது வேறாகத்தான் விழுகிறது. மறுநாளே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

மூலத்தைப் பார்த்துப் பெயர்க்கலாமா என்றால் அதுவும் உதவவில்லை. 1833இல் அலெக்சாந்தர் காப் என்ற ஜெர்மானிய ஆசிரியர் இவர்களுக்கான கல்விக்கு ‘ஆண்ட்ரகோகிக்’ என்ற சொல்லை ஆண்டார். பின்னர் அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ் அதைப் பரப்பினார். கிரேக்கத்தில் ‘பெடகோகி’ பிள்ளையை நடத்திச் செல்வது, ‘ஆண்ட்ரகோகிக்’ ஆடவரை நடத்திச் செல்வது. என் வகுப்பில் பெண்களும் இருக்கிறார்களே! நோல்ஸ் சொன்ன கருத்து மட்டும் எனக்கு வேண்டும். வளர்ந்தவர் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை, பட்டு அறிந்ததைக் கொண்டுவருகிறார், அதுவே பாடத்தின் மூலதனம் என்கிறார் அவர்.

இது ஏட்டளவில் சொல்வதில்லை. கலந்துரையாடல் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டேன்: இரவுப் பணியில் புதிய பையன் தூங்கிவிட்டான், நீங்கள் மேற்பார்வையாளர், என்ன செய்வீர்கள்? பதவியில் மூத்தவர் முதலில் பதில் எழுதினார். கீழே எட்டுப் பேர் வரிசையாக “செத்துஜு துவான்” (ஒப்புக்கொள்கிறேன் ஐயா) என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நேர்வகுப்பில் முகத்தைப் பார்த்தாவது ஒருவரைப் பேசவைக்கலாம், திரையில் அது முடியாது. அடுத்த வாரம் முறையை மாற்றினேன். ஒவ்வொருவரும் எனக்குத் தனியாக எழுத வேண்டும், எல்லாம் வந்தபின் பதவிப் பெயரில்லாமல் ஒரே நேரத்தில் திறப்பேன். விடிகாலை மூன்று மணிக்கு, பணி இடைவேளையில், சார்ஜனுக்கும் கீழ்ப்பதவியில் உள்ள ஒரு லான்ஸ் கார்ப்பரல் எழுதியிருந்தார்: “முதலில் பணிப் பட்டியலைப் பார்ப்பேன். என்னிடம் தூங்கிய பையன் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்றிருந்தான். பட்டியல் போட்டது நான்தான்.” நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இவரை ‘மாணவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘கைவந்த கலை’ என்கிறோமே, அதிலிருந்து எடுத்து ‘கைவந்தோர்’ என்று வைக்கலாமா? ‘வயது வந்தோர் கல்வி’யில் ஒரு சொல்லை மாற்றினால் ‘கைவந்தோர் கல்வி’. குழுவின் கருத்து வேண்டும்.

சென்னையிலிருந்து:

அம்மா, வணக்கம். முயற்சி நன்று, ஆனால் மூன்று தடைகள் தெரிகின்றன.

கைவந்தவர் என்றால் தேர்ந்தவர் என்று பொருள். தேர்ந்தவருக்கு எதற்குப் படிப்பு? அடுத்தது, காவல் பணியோடு ‘கை’ சேர்ந்தால் படிப்பவருக்குக் ‘கையூட்டு’ நினைவுக்கு வரும். மூன்றாவது, எங்களிடம் ‘பணியிடைப் பயிற்சி’ என்ற சொல் நெடுநாளாக வழக்கில் இருக்கிறது. ‘பணியிடைக் கற்போர்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் ‘பணியிடைக் கற்பு’ என்று சுருக்கிவிடாதீர்கள். ‘கற்பு’ கல்வியையும் குறிக்கும் என்று நமக்குத் தெரியும், ஊர் ஏற்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் ‘வளர்ந்தோர்’ எண்டுதான் சொல்லுறது. ‘வளர்ந்தோர் கல்வி’ எண்டால் முதுமையும் இல்லை, சடங்கும் இல்லை. தங்கச்சி தேடுற பொதுச்சொல் இதுதான் எண்டு நினைக்கிறன். ஆனா அந்த லான்ஸ் கார்ப்பரலின்ர பதிலை வாசிச்சபிறகு, ‘வளர்ந்தோர்’ அவருக்குப் போதாது எண்டும் தோன்றுது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

அக்கா, ‘வளர்ந்தோர்’ எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருக்கிறது. பொதுவிடத்தில் அதையே எழுதப்போகிறேன்.

ஐயா, ‘பணியிடைப் பயிற்சி’ நல்ல சொல். படிப்பு எப்போது நடக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1935இல் தொடங்கிய தேசியப் பயிலகத்தில் காவல் அதிகாரிகள் பத்து வாரம் தங்கிப் படிக்கிறார்கள். என் ஆட்களுக்குப் பத்து நாள் விடுப்பே கிடைக்காது, பணிக்கு இடையில்தான் படிப்பு. ஆகவே படிப்பின் பெயருக்கு உங்கள் சொல். நான் தேடுவது ஆளின் பெயர்.

‘தேர்ந்தவருக்கு எதற்குப் படிப்பு’ என்ற கேள்விதான் இரவெல்லாம் மனத்தில் ஓடியது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய், இருட்டிலேயே மரத்தடியில் நிற்பார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. புதிதாக வந்த பெண்களை, “இன்னும் கை வரல” என்பார்கள். அம்மாவுக்குக் கைவந்திருந்தது.

அந்தத் தோட்டத்திலேயே ஆக நன்றாக வெட்டியவரை மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஆக்கினார்கள். ஓர் ஆண்டு அவர் பட்ட பாடு! யாராவது தப்பாக வெட்டினால் கத்தியைப் பிடுங்கித் தானே வெட்டிக் காட்டுவார். அவருடைய நிரையில் மரமெல்லாம் அழகாக இருக்கும், ஆட்கள் மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. மரத்தில் கைவந்தவருக்கு ஆள் நடத்துவதில் கை வரவில்லை. என் வகுப்பில் இருக்கும் புதிய சார்ஜன்களும் இதையேதான் செய்கிறார்கள். கீழே உள்ளவரின் அறிக்கையை வாங்கி விடிய விடியத் தாங்களே திருத்தி எழுதுகிறார்கள். ஒரு வேலையில் கைவந்ததால்தான் தலைமைக்கு வந்தார்கள், அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு. அதனால் நீங்கள் தடையாகச் சொன்னதையே நான் காரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

கையூட்டுப் பற்றிச் சொன்னதை லேசாக எடுக்கவில்லை. இரண்டு சார்ஜன்களிடமும் அந்தப் பெண் துணைப் போலீசிடமும் சொல்லைத் தனித்தனியாகக் காட்டிக் கேட்டேன். மூவருக்கும் தோன்றியது தொழில்தான். அந்தப் பெண், “எங்க ஆயா சொல்ற வார்த்த டீச்சர்” என்றார்.

எனவே பாடக்குறிப்பில் இப்படி எழுதப்போகிறேன்: பொதுவாக ‘வளர்ந்தோர் கல்வி’, படிப்பு ‘பணியிடைத் தலைமைத்துவப் படிப்பு’, படிப்பவர் ‘கைவந்தோர்’, அவர்களுக்குக் கற்பிக்கும் முறை ‘கைவந்தோர் பயிற்றியல்’. முதல் பாடம் வெள்ளிக்கிழமை போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அடுத்து ‘ஃபெசிலிடேட்டர்’ காத்திருக்கிறது, வகுப்பில் கலந்துரையாடலை நடத்திக்கொடுப்பவர். ‘வசதியாளர்’ என்று ஒரு கையேட்டில் பார்த்தேன், பணக்காரர் என்றுதான் எங்கள் ஊரில் படிப்பார்கள். அது வேண்டாம், வேறு தாருங்கள்.