தேன்கனிக்கோட்டை ஆட்டுப்பட்டிக்கு இமாச்சல் காடி நாய் சரிவருமா?

மலைப்பட்டி (தேன்கனிக்கோட்டை):
எல்லாருக்கும் வணக்கம். காட்டோரத்தில் பட்டி வைத்திருக்கிறோம். வெள்ளாடும் செம்மறியும் கலந்து ஐம்பது அறுபது உருப்படி தேறும். இந்த வருசம் சிறுத்தை படலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது. இருக்கிற நாய் குரைத்ததோடு சரி. இமாச்சலில் காடி என்ற ஆட்டிடையர் இனத்தார் வைத்திருக்கும் காவல் நாய்க் குட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். 2025-இல் அதை நம் நாட்டு இனமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய உடம்பு, அடர்ந்த முடி, அந்நியரை அண்டவிடாத குணம். இங்கே தாங்குமா?

பென்னாகரத்தான்:
வேண்டாம் தம்பி. அந்த நாயைக் குறை சொல்ல வரவில்லை. அது பிறந்த இடமும் வேலையும் வேறு. இமாச்சலில் சம்பா மாவட்டத்துப் பர்மௌர் பக்கம் 7,000 அடி உயரத்தில் மந்தையோடு நடந்துகொண்டே இருக்கும் நாய். கோடையில் அதற்கும் மேலே போய்விடும். முடி இரண்டு அடுக்கு. நாய்க்கு நம்மைப் போல வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் அதைக் கட்டிப்போட்டால் பாவம். முடியை மழித்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் செய்யாதே. வெயில் நேராகத் தோலில் அடிக்கும்.

ஓசூர்வாசி:
அண்ணா, தேன்கனிக்கோட்டை பென்னாகரம் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் சுமார் 3,000 அடி. தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொன்ன ஊர். அப்புறம், காடி மந்தை வருசம் முழுக்க மலை உச்சியிலேயே இருப்பதில்லை. குளிர்காலத்தில் காங்க்ரா அடிவாரத்துக்கு இறங்கிவிடும். தாழ்ந்த இடமும் அந்த நாய்க்குப் பழக்கம்தான்.

பென்னாகரத்தான்:
அடிவாரத்தில் இருப்பது எப்போது? மார்கழி, தையில். வெயில் ஏறத் தொடங்கினதும் மந்தை மேலே ஏறிவிடுகிறது. அதாவது கோடையை அந்த நாய் அடிவாரத்தில் பார்ப்பதே இல்லை. உங்கள் ஊரில் சித்திரை வந்தால் அது எந்த மலைக்கு ஏறும்?

ஓசூர்வாசி:
நிழலும் தண்ணீரும் கொடுத்தால் சமாளிக்கலாம். இரவில்தானே அதற்கு வேலை. நான் முக்கியமாகப் பார்ப்பது குணத்தை. மேய்க்கும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு. பார்டர் கோலி என்ற வெளிநாட்டு மேய்ப்பு நாய் ஆட்டைக் கண்டால் பதுங்கும், கண்ணாலேயே முறைத்து நகர்த்தும். வேட்டைப் புத்தியில் கடிப்பதை மட்டும் அடக்கி வளர்த்த இனம் அது. சிறுத்தை வந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. காடி நாய் சிதறின ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் காவல்தான் முதல் வேலை. மந்தைக்குள் படுத்திருந்து வெளியிலிருந்து வருவதை எதிர்க்கும். ஆள் வந்து ஏவும்வரை காத்திருக்காது. நடுராத்திரியில் பட்டிக்கு வேண்டியது அந்தத் துணிச்சல்தான்.

பாலக்கோடு ரவுண்டு:
எதற்கு அவ்வளவு தூரம்? ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கலாமே.

ஓசூர்வாசி:
அவை ஓடித் துரத்தும் வேட்டை நாய்கள். ஓடுகிற ஆட்டுக்குட்டியைக் கண்டால் கால் சும்மா இருக்காது. பட்டிக்கு அந்தக் குணம் ஆகாது.

பென்னாகரத்தான்:
ஏவாமலே பாயும் குணம்தான் எனக்குப் பயம். இமயமலை மேய்ச்சலில் ஆள் நடமாட்டம் குறைவு. இங்கே பட்டியை ஒட்டியே வழித்தடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லாரும் அதற்கு அந்நியர்தான். ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால் ஊருக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று யானை. ராகி முற்றும் சமயத்தில் உங்கள் பக்கம் யானை வராத ஊர் உண்டா? துணிச்சலான நாய் யானை மேலும் பாயும். யானை திருப்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? எசமான் காலுக்குத்தான். பின்னாலேயே யானையும் வரும். காட்டோரத்தில் நாயோடு நடப்பவர்கள் எல்லாரும் அஞ்சுவது இதற்குத்தான்.

ஓசூர்வாசி:
யானை விசயம் நாட்டு நாய்க்கும் பொருந்தும் அண்ணா. அதுவும் குரைக்கும், அதுவும் ஓடிவரும். இதைக் காடி நாய் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. குட்டியிலிருந்தே ஊர் ஆட்களோடு பழக்கினால் பிள்ளைகளைக் கடிக்காது.

அஞ்செட்டிக்காரி:
நானும் ஆடு வளர்க்கிறவள். இனத்தை விட வளர்ப்புதான் பெரிது என்பது என் கட்சி. மூன்று மாதத்துக்குள் குட்டி எதோடு படுத்து எழுகிறதோ அதைத்தான் தன் கூட்டமாக நினைக்கும். எங்கள் பட்டி நாய் தெருவில் பிறந்தது. கண் திறந்து கொஞ்ச நாளில் ஆட்டுக்குட்டிகளோடு விட்டோம். ஆடு முட்டும், ஒதுங்கிப் படுக்கும். இப்போது ஆடு ஈனும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் தின்னும், ஈரம் காயாத குட்டியை மோந்து பார்த்துவிட்டு வாய் வைக்காமல் விலகிவிடும். அந்நியர் வந்தால் படலுக்குக் குறுக்கே நிற்கும். பல மாதம் ஆன காடி குட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் இது வருமா?

ஆனால் காடிக்காரர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: நாய்க் கழுத்தில் போடும் முள் வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை குரல்வளையைத்தான் பிடிக்கும். முள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பிடிக்க முடியாது. உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் சொன்னால் அடித்துத் தருவார்கள்.

ஓசூர்வாசி:
பட்டை நல்ல யோசனை அக்கா. ஆனால் பதினைந்து கிலோ நாய்க்குப் பட்டை போட்டாலும் சிறுத்தை அதை அடித்துப்போட்டுவிடும். ஊர் நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை. உடம்பும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அஞ்செட்டிக்காரி:
ஒற்றை நாயாக இருந்தால் காடியும் சாகும். மந்தையோடு எப்போதும் ஒன்றுக்கு மேல்தான் வைத்திருப்பார்கள். இரண்டு நாட்டுக் குட்டிகளைச் சேர்த்து வளருங்கள்.

பென்னாகரத்தான்:
நாய் எதுவானாலும் அதைச் சிறுத்தையோடு சண்டைக்கு விடுவது பட்டிக்காரன் வேலை இல்லை. ஆட்களை எழுப்பத்தான் நாய். படலைத் தாண்டித்தானே சிறுத்தை வந்தது? முதலில் பட்டிக்கு மேலே கம்பி வலை போட்டு மூடு. நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியும் டிஸ்டெம்பர் ஊசியும் போடு. டிஸ்டெம்பர் நாயைக் கொல்லும் தொற்றுநோய், நாயிடமிருந்து காட்டில் செந்நாய்க்கும் பரவும்.

மலைப்பட்டி:
வலை இந்த வாரமே போட்டுவிடுகிறேன் அண்ணா. ஆனால் காடி ஆசை இன்னும் விடவில்லை. ஓசூர்வாசி, இரண்டு மாதக் குட்டியாக, மந்தையோடு இருக்கும் தாய்க்குப் பிறந்ததாக எங்கே கிடைக்கும்? கடையில் கூண்டில் வளர்ந்தது வேண்டாம்.

ஓசூர்வாசி:
விற்பவர் ஆன்லைனில் படம் மட்டும் அனுப்பினால் நம்பாதீர்கள். தாய் நாய் ஆடுகளுக்கு நடுவில் நிற்பதை நேரில் பார்க்க வேண்டும். ஐப்பசி கடந்தால் மந்தைகள் காங்க்ரா பக்கம் இறங்கியிருக்கும். அப்போது போகலாம், நானும் வருகிறேன்.