பந்துவீச்சு இயந்திரம்: கணக்கில் வரும் வேகம் பந்தில் வரவில்லை, பெரிய மோட்டார் வாங்கலாமா?

கோவை_இறுதியாண்டு_அணி:

வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக கிரிக்கெட் வலைப்பயிற்சிக்கு ஒரு தானியங்கிப் பந்துவீச்சு இயந்திரம் செய்துகொண்டிருக்கிறோம். லெதர் பந்துதான். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கரங்கள், நடுவில் பந்து சிக்கி வெளியே பறக்கும் வழக்கமான அமைப்பு. சக்கரம் 200 மி.மீ. விட்டம், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் த்ரீடி பிரிண்ட் எடுத்து மேலே சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டியிருக்கிறோம், ஒன்று சுமார் 350 கிராம் இருக்கும். இ-பைக்கில் வரும் 24 வோல்ட் 250 வாட் மோட்டார் இரண்டு, சக்கரம் நேராக மோட்டார் ஷாஃப்டிலேயே. 24 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை) ஒன்றே இரண்டுக்கும். கட்டுப்படுத்த ஆர்டுயினோ ஊனோ போர்டு, பந்தை ஒவ்வொன்றாக விட ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்).

பிரச்சினை இதுதான். 2,000 ஆர்.பி.எம்.மில் சக்கர விளிம்பின் வேகம் மணிக்கு 75 கி.மீ. வருகிறது. பந்து வெளியேறும் உயரம் 1.8 மீட்டர், கிடைமட்டமாக விட்டால் 12.5 மீட்டருக்கு மேல் போய்த்தான் தரையில் பட வேண்டும். ஆனால் முதல் பந்து 9 மீட்டரிலேயே குத்துகிறது. மூன்று விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து விட்டால் இரண்டாவது, மூன்றாவது இன்னும் ஷார்ட். சில பந்து லெக் பக்கம் ஒதுங்குகிறது. நடுநடுவே ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆகிறது. 500 வாட் மோட்டார் போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் அணியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். வாங்கினால் பட்ஜெட் அதோடு முடிந்துவிடும், அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறோம்.

லேத்_பட்டறை:

தம்பி, மோட்டாரை விடுங்கள், முதலில் பந்தின் வேகத்தை அளந்தீர்களா? குத்தும் இடத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். பந்து போகும் பாதையில் 3 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, போனை ஸ்டாண்டில் வைத்து பக்கவாட்டில் இருந்து 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணினால் போதும்.

கோவை_இறுதியாண்டு_அணி:

எடுத்துப் பார்த்தோம் அண்ணா. முதல் பந்து 48 ஃப்ரேம், அதாவது விநாடிக்கு 15 மீட்டர், 54 கி.மீ. வேகம். அடுத்து வருபவை 54 ஃப்ரேம் வரை போகின்றன, 48 கி.மீ.தான்.

சுழல்_இயந்திரம்:

அப்போ விஷயம் தெளிவாகிவிட்டது, தயவுசெய்து 500 வாட் மோட்டார் வாங்காதீர்கள்.

பந்து ரப்பரைத் தொட்டுக்கொண்டு போகும் தூரம் தோராயமாக 6 செ.மீ. நின்ற நிலையில் இருந்து 15 மீட்டர் வேகத்துக்கு ஏறுவதால் சராசரி 7.5, அப்படியென்றால் சக்கரத்துக்குள் அது இருப்பதே 8 மில்லி விநாடிதான். அந்த நேரத்தில் 250 வாட் மோட்டார் கொடுக்கக்கூடியது 2 ஜூல், இரண்டு மோட்டாரும் சேர்ந்து 4. 160 கிராம் பந்து 15 மீட்டர் வேகத்தில் போக 18 ஜூல் வேண்டும், வழுக்கி வெப்பமாகப் போவது தனி. 500 வாட் போட்டாலும் 8 ஜூல்தான் வரும், அதற்குள் பந்து வெளியே போயிருக்கும். ஆக பந்தைத் தள்ளுவது மோட்டார் இல்லை, சக்கரம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல். அணியில் எல்லாரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் சக்கரம் 350 கிராம், அதில் விளிம்பில் இருப்பதாகக் கணக்கில் எடுக்கக்கூடியது 200 கிராம் இருக்கும். இரண்டுக்கும் 400. பந்து 160. எல்லாம் சேர்த்து 560. 400-ஐ 560-ஆல் வகுத்தால் 0.71, அதை 75-ஆல் பெருக்கினால் 53.6. நீங்கள் வீடியோவில் எண்ணியதும் 54. பந்து உள்ளே நுழைந்ததும் சக்கரமே அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எனவே ஷாஃப்டில் எடை கூட்டுங்கள். 180 மி.மீ. விட்டம், 6 மி.மீ. கனத்தில் ஒரு மைல்டு ஸ்டீல் வட்டத்தகடு 1.2 கிலோ வரும். ஒவ்வொரு சக்கரத்தோடும் ஒன்றைச் சேர்த்தால் அந்த 200 கிராம் 680 கிராமுக்குப் பக்கத்தில் போய்விடும், பந்து 67 கி.மீ.க்கு மேல் கிளம்பும். மீதியை ஆர்.பி.எம்.மில் எடுத்துக்கொள்ளலாம், 2,230 வைத்தால் 75 கிடைக்க வேண்டும்.

லேத்_பட்டறை:

சரியாகச் சொன்னார். ஆனால் இரும்புத் தகட்டை பி.எல்.ஏ. ஹப்பில் (ஷாஃப்டில் உட்காரும் நடுப்பகுதி) போல்ட் போட்டு மாட்டி 2,000-ல் சுற்றிவிடாதீர்கள், ஒரு விரிசல் விட்டால் தகடு யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. ஹப்பை அலுமினியத்தில் கடைந்து கீவே (ஷாஃப்டில் வழுக்காமல் இருக்கச் சாவித்துண்டு செருகும் பள்ளம்) போடுங்கள், பக்கவாட்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்ப வேண்டாம். மோட்டார் ஷாஃப்டிலேயே இவ்வளவு எடையைத் தொங்கவிடவும் கூடாது, தனி ஷாஃப்ட் இரண்டு பேரிங்கில் உட்காரட்டும், மோட்டாரோடு அதை இணைக்க நடுவில் ஒரு கப்ளிங். கோவையில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் அலைய வேண்டியதே இல்லை, கணபதி பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் கடைந்து கொடுப்பார்கள். பேலன்ஸ் பார்க்க, ஷாஃப்டோடு சேர்த்து சம மட்டமான இரண்டு விளிம்பின் மேல் வைத்து உருளவிடுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்பக் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், கொஞ்சம் துளை போட்டு எடுத்துவிடுங்கள். சுற்றி 2 மி.மீ. தகட்டில் மூடி கட்டாயம்.

இன்னொன்று, பந்து மேல் சாக்பீஸ் தேய்த்து ஒன்று விட்டுப் பாருங்கள். நீளமாக இழுத்த கறுப்புக் கோடு விழுந்தால் கடைசி வரை வழுக்குகிறது. நீங்கள் கேட்கும் வேகத்துக்கு ஒவ்வொரு சக்கரமும் பந்தை 25 கிலோவுக்குக் குறையாமல் அழுத்த வேண்டியிருக்கும். லெதர் பந்து நசுங்காது, ட்யூப் ரப்பரிலும் நசுங்க இடமில்லை. கனமான, மெத்தென்ற பாலியூரித்தேன் பட்டை போடுங்கள், நடுவில் லேசாகக் குழிவு இருக்கட்டும். தட்டையான சக்கரத்தில் பந்தைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க எதுவும் இல்லை, லெக் பக்கம் ஒதுங்க அதுவும் ஒரு காரணம். உள்ளே விடும் குழாய் எந்த அளவு?

கோவை_இறுதியாண்டு_அணி:

90 மி.மீ. பி.வி.சி. அண்ணா. 75-ல் பந்து நுழையவே இல்லை.

லேத்_பட்டறை:

அதான். 72 மி.மீ. பந்து அதற்குள் ஆடிக்கொண்டே வந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் சக்கரத்தைத் தொடும். உள்ளே நீளவாக்கில் நான்கு பட்டை ஒட்டி இடைவெளியைக் குறையுங்கள். தையல் எப்படித் திரும்பி நுழைகிறது என்பதாலும் வித்தியாசம் வரும், அதை முழுக்கத் தவிர்க்க முடியாது. இயந்திரங்களுக்கென்றே தையல் இல்லாமல் குழிக்குழியாகப் பந்து விற்பதற்கு அதுதான் காரணம்.

சர்க்யூட்_அக்கா:

ரீசெட் பற்றி யாரும் சொல்லவில்லையே. சர்வோவுக்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்துதானே கொடுத்திருக்கிறீர்கள்? பந்தைத் தடுக்கும் அளவுள்ள சர்வோ திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், போர்டு தாங்காது. தனி பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் போர்டு) போட்டு கிரவுண்டை மட்டும் பொதுவாக இணையுங்கள், சர்வோ பக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

அப்புறம் இரண்டு மோட்டாருக்கும் ஒரே பி.டபிள்யூ.எம். மதிப்பு (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு சிக்னல்) கொடுத்தால் ஒரே வேகத்தில் சுற்றும் என்று நினைக்க வேண்டாம். மேல் சக்கரம் 150 ஆர்.பி.எம். கூடுதலாக இருந்தாலே பந்துக்கு நிமிடத்துக்கு 200 சுற்று டாப்ஸ்பின் ஏறிவிடும், சீக்கிரம் தாழும். வேகத்தை அளக்கச் சக்கரத்துக்கு 4 காந்தம், காந்தம் கடக்கும்போது துடிப்பு தரும் ஹால் சென்சார் ஒன்று. ஊனோவில் வெளி இண்டரப்ட் (துடிப்பு வந்ததும் உடனே கவனிக்கும் வசதி) 2, 3 பின்னில் இருக்கிறது, சரியாக இரண்டு சக்கரத்துக்கும் போதும். 2,000 ஆர்.பி.எம்.மில் 7.5 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு வரும், இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள நேரத்தை மைக்ரோ விநாடியில் அளந்து பி.ஐ.டி. (வேகப் பிழையைப் பார்த்துத் தானே திருத்தும் கட்டுப்பாட்டு முறை) போடுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு பந்து என்ற கணக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு சக்கரமும் குறித்த வேகத்துக்கு 20 ஆர்.பி.எம். வித்தியாசத்துக்குள் வந்து அரை விநாடி நிலைத்தால் மட்டும் சர்வோ திறக்கட்டும். பந்து போகும் நொடியில் 24 வோல்ட் லைனில் மல்டிமீட்டர் வைத்து எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள்.

கோவை_இறுதியாண்டு_அணி:

அக்கா, 24 இருந்தது 18 வரை இறங்குகிறது. தகடு, அலுமினிய ஹப், தனி ஷாஃப்ட் எல்லாம் மாட்டியாயிற்று, குழாயிலும் பட்டை ஒட்டினோம். முதல் பந்து 39 ஃப்ரேம், 66 கி.மீ.! ஆனால் இப்போது ஸ்விட்ச் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். கட் ஆகிறது.

சர்க்யூட்_அக்கா:

கனம் கூடிவிட்டதால் கிளம்பும்போது அதிக கரண்ட் இழுக்கிறது. பி.டபிள்யூ.எம்.மை 10 விநாடியில் மெல்ல ஏற்றுங்கள், மேல் சக்கரத்தை முதலில், அது வேகம் பிடித்த பிறகு கீழ் சக்கரத்தை. அப்படியும் 18-க்கு இறங்கினால் இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி சப்ளை வாங்குங்கள், மோட்டாருக்கு வைத்திருந்த பணத்தில் அது அடங்கிவிடும். ஆஃப் செய்த பிறகும் இந்தச் சக்கரங்கள் வெகுநேரம் சுற்றும், முழுக்க நிற்கும் வரை பந்தை உள்ளே விடும் ஃபீடர் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் மோட்டார் மட்டுமல்ல, பந்து இறங்கும் வழியும் மூடும்படி சர்வோவுக்கு ஸ்பிரிங் போடுங்கள்.

கோவை_இறுதியாண்டு_அணி:

மெல்ல ஏற்றினால் கட் ஆகவில்லை அக்கா. ஹால் சென்சார் நாளைக்கு வருகிறது, இரண்டு சக்கரத்தின் வேக கிராஃபையும் இங்கேயே போடுகிறோம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டுவது என்று ஒரு படம் வரைந்து அனுப்ப முடியுமா?